கோச்சிங் போகச் சொல்கிறார்கள், உண்மையிலேயே பயன் உண்டா?

கேள்வி:
டீம் லீடாக இருந்து சமீபத்தில்தான் மேனேஜர் ஆனேன். கம்பெனி தன் செலவிலேயே எனக்கு ஒரு பிசினஸ் கோச்சை ஏற்பாடு செய்கிறது. அவர் எங்கள் துறையில் வேலை பார்த்தவர் இல்லை. துறையே தெரியாதவர் எனக்கு என்ன சொல்லித் தர முடியும்? என்னிடம் ஏதோ குறை இருப்பதால்தான் அனுப்புகிறார்களா? அப்புறம், அங்கே பேசுவதெல்லாம் மேலதிகாரி காதுக்குப் போகுமா?

பதில் 1:
சொல்லித் தருவது அவர் வேலையே இல்லை. தன் அனுபவத்தைச் சொல்பவர் மென்டர், தீர்வை எழுதிக் கொடுப்பவர் கன்சல்டன்ட், கோச் கேள்வி கேட்பவர். ஜான் விட்மோர் 1992-ல் எழுதிய நூல் வழியாகப் பரவிய 'க்ரோ' முறையைத்தான் பலர் பின்பற்றுகிறார்கள்: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எப்போது செய்யப் போகிறீர்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் "என் டீம் பொறுப்பே எடுப்பதில்லை" என்று நீங்கள் சொல்லும்போது, "போன வாரம் உங்களிடம் வந்த முடிவுகளில் எதையெல்லாம் அவர்களே எடுத்திருக்கலாம், ஏன் எடுக்க விடவில்லை?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், மேலே இருப்பவர்களுக்கு நேரம் இல்லை.

பதில் 2:
குறை என்று நினைக்காதீர்கள். எரிக் ஷ்மிட் கூகுள் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தபோது, கோச் வைத்துக்கொள் என்று முதலீட்டாளர் ஜான் டோர் சொன்னதும் அவருக்கும் முதலில் பிடிக்கவில்லை. பிறகு தனக்குக் கிடைத்த சிறந்த அறிவுரையே அதுதான் என்று சொன்னார். அந்த கோச் பில் கேம்பல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பழைய அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். ஆனால் ஒன்று, கேம்பல் இன்ட்யூட் நிறுவனத்தையே நடத்தியவர், தொழில் தெரியாதவர் இல்லை. அதனால் துறை அறிவு தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் சிக்கல் ஆட்களை நடத்துவது என்றால் பரவாயில்லை, விலை நிர்ணயம் மாதிரி விஷயம் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

பதில் 3:
ரகசியம் பற்றி: தொடங்கும் முன்பே கம்பெனி, கோச், நீங்கள் மூவரும் உட்கார்ந்து, எது வெளியே போகும், எது போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக இலக்கும் வந்து போன விவரமும் மட்டும் கம்பெனிக்குப் போகும், பேசியது போகாது. எழுதித் தரத் தயங்கினால் மனம் திறந்து பேசவே முடியாது, பேசாவிட்டால் பயனும் இல்லை. சான்றிதழையும் கேளுங்கள், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். 1995-ல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு, அதாவது ஐசிஎஃப், தரும் பிசிசி என்ற தொழில்முறை கோச் சான்றுக்கு 500 மணி நேர கோச்சிங் அனுபவம் வேண்டும்.

பதில் 4:
சொந்தத் தொழில் நடத்துகிறேன். மேனேஜருக்காவது கேள்வி கேட்க மேலே ஒருவர் உண்டு, முதலாளிக்கு யாருமில்லை. விற்பனைப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோம். அடுத்த சந்திப்பில் "ஒப்படைத்தீர்களா?" என்று கோச் கேட்பார் என்பதாலேயே எனக்கு அந்த வேலை நடந்தது. ஆனால் பணப்புழக்கச் சிக்கலுக்கு நல்ல கணக்காளரிடம் போங்கள், தூக்கமே வராத அளவு மன அழுத்தம் என்றால் மருத்துவரிடம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டீமிடம் வேலையைப் பிரித்துக் கொடுப்பதை மட்டும் இலக்காக வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று போதுமா?

பதில் 1:
தாராளமாகப் போதும். அது மாறியதா என்று உங்கள் டீமிடமே தொடக்கத்திலும் முடிவிலும் பெயர் போடாமல் கருத்துக் கேட்கும்படி கோச்சிடம் சொல்லுங்கள்.