அப்பாவின் ஹார்டு பிரஷ்ஷை மாற்றிய கதை: உங்க வீட்டில் எப்படி?

நெல்லைக்காரன்:
எங்க அப்பாவுக்குக் கடையில ‘ஹார்டு’னு கேட்டு வாங்குனாத்தான் திருப்தி. மாசம் முடியுறதுக்குள்ள நாரெல்லாம் விரிஞ்சு தேஞ்ச விளக்குமாறு மாதிரி ஆயிரும். ஐஸ் தண்ணி குடிச்சா சுளீர்னு கூசுதுன்னு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சொத்தைன்னுதான் நெனச்சோம். டாக்டர் கண்ணாடியைக் கையில குடுத்து, ஈறு ஓரமா வெட்டுன மாதிரி இருந்த பள்ளங்களைக் காட்டினார். “சொத்தை இல்லைங்கய்யா, நீங்களே அழுத்தித் தேச்சு எடுத்தது. ஈறும் விலகியிருக்கு, அது தானா பழையபடி வராது”ன்னார். வலதுகைக்காரங்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் ஜாஸ்தி தேயுமாம். அப்பாவுக்கும் அப்படியே.

ஃபில்லிங் வச்சு, ‘சாஃப்ட்’ பிரஷ் எழுதிக் குடுத்தார். தலை சின்னதா இருக்கணும், அப்பத்தான் கடைசிக் கடவாய்ப்பல்லுக்குப் பின்னாடி போகும். முஷ்டியில பிடிக்காம பேனா பிடிக்கிற மாதிரி பிடிச்சு, ஈறோரம் 45 டிகிரி சாய்ச்சு, மெல்ல அசைக்கணும். 2 நிமிஷம். “பல்லு விளக்குன மாதிரியே இல்லடே”ன்னு அப்பா கொஞ்ச நாள் புலம்பினாங்க. இப்ப கூச்சம் இல்ல, புலம்பலும் இல்ல.

கொங்குப்பொண்ணு:
பையனுக்குப் பல்லுல கிளிப் போட்டிருக்குதுங்க. சாதா பிரஷ்ல கம்பிக்கு அடியில சிக்குற சோத்துப்பருக்கை வரவே வராது. நடுநாரு குட்டையா இருக்கிற பிரஷ் ஒண்ணு, பல்லிடுக்குல விடுற குட்டி பிரஷ் ஒண்ணு, ரெண்டும் வாங்கினோம். நிஜமா வேலை செய்யறது அந்தக் குட்டிதானுங்க.

பழைய ஆள்:
எங்க தாத்தா 80 வயசுலயும் வேப்பங்குச்சியாலதான் விளக்கினார், முறுக்கு கடிப்பார். சாஃப்டாம், மீடியமாம்!

நெல்லைக்காரன்:
குச்சிய நல்லா மென்னு நாராக்கித்தான தேச்சிருப்பாங்க அண்ணாச்சி? அப்ப அதுவும் சாஃப்ட்தான் 😀 செங்கப்பொடி, உமிக்கரின்னு போனவங்க பல்லு தேஞ்சதையும் நான் பாத்திருக்கேன்.

தஞ்சாவூர் மருமகள்:
மாமியாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலது கை சரியா மூடாது. மெல்லிய கைப்பிடி நழுவி விழுந்துடும். ஃபிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை பிரஷ்ல மாட்டிவிட்டோம், தானே விளக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் என் நாத்தனார் எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கித் தந்தா. ரொம்ப அழுத்தித் தேச்சா லைட் எரியும், 30 வினாடிக்கு ஒருதரம் அதிர்ந்து இடம் மாத்தச் சொல்லும். அவங்களுக்கு ரொம்ப வசதி. ஆனா தலையை 3 மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும், அந்தச் செலவைக் கணக்குப் போட்டுட்டு வாங்குங்க. கை நல்லா இருக்கிறவங்களுக்கு சாதா சாஃப்ட் பிரஷ்ஷே போதும்னுதான் எங்க டாக்டரும் சொன்னார்.

கொங்குப்பொண்ணு:
அக்கா, பிரஷ்ஷுக்கு மூடி போட்டு வைக்கலாங்களா? பாத்ரூம்ல கரப்பான் தொல்லைங்க.

தஞ்சாவூர் மருமகள்:
ஈரத்தோட மூடினா கிருமி வளரும்மா. உதறி, நிமிர்த்தி வச்சுக் காயவிடு. நாங்க பாத்ரூம்லயே வைக்கறதில்ல, கூடத்து ஜன்னலோரம்தான்.