மாரியில் குஞ்சுப் பெட்டிக்குள் ஈரம்

கேள்வி (ஒட்டுசுட்டான்):
வணக்கம். 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்காகப் பலகையால் செய்த பெட்டியில் 100 உவாற்று மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, சூடு போதுமாக இருந்தும், உமி கட்டிபட்டு, காலையில் மூடியின் உட்புறத்தில் நீர் துளித்து நிற்கிறது. குளிர் புகாதிருக்கத் துவாரங்களையெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டேன். வேறென்ன செய்யலாம்?

பதில் (பரந்தன்):
தம்பி, பிழை அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. குஞ்சுகளின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் நீராவி, வெளியேற வழியின்றிக் குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி மீண்டும் உமியில் விழுகிறது. ஆகவே குஞ்சுகளின் தலைக்கு மேலுள்ள துவாரங்களைத் திறந்துவிட்டு, கீழ்ப்பகுதியை மட்டும் காற்றுப் படாமல் மறையுங்கள். முதல் வாரம் குமிழின் கீழ் 32 முதல் 35 பாகை செல்சியஸ் போதும்; பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே நான் நம்புவேன்: குமிழின் கீழ் நெருக்கியடித்தால் குளிர், மூலைகளுக்கு ஒதுங்கினால் வெக்கை.

பதில் (நெடுங்கேணி):
தண்ணீர்ச் சாடியையும் கவனியுங்கள். அதை உமியில் நேரே வைக்காமல் ஒரு செங்கல்லின் மேல் வைத்து, சுற்றியுள்ள ஈர உமியை நாள்தோறும் அள்ளி அகற்ற வேண்டும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி, எச்சத்தோடு வெளியே வந்தபின், ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில்தான் விரைவாகத் தொற்றக்கூடிய நிலையை அடைகிறது. பெட்டி மண்ணிலே இருந்தால் அதையும் உயர்த்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
சாக்கை நேற்றே எடுத்துவிட்டேன், அண்ணா. இன்று காலை மூடி காய்ந்திருந்தது. செங்கல் இன்னும் வைக்கவில்லை.