பிரெஞ்சு ஹேண்ட்பால் அணி வரலாறு: ‘முன்மறிப்பாளர்’ என்ற சொல் குறித்து

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் ஆடவர் தேசிய ஹேண்ட்பால் அணியைப் பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரையில், அதன் வீரர் ஜாக்சன் ரிச்சர்ட்சன் தடுப்பில் வகித்த இடத்திற்கு என்ன சொல் இடுவது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. அவற்றை எடைபோடும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் இந்த விளையாட்டின் பெயரை ‘ஹேண்ட்பால்’ என்றே வைத்துக்கொள்வோம். ‘கைப்பந்து’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் வாலிபாலை நினைப்பார். ‘எறிபந்து’ என்றாலோ பள்ளிகளில் ஆடப்படும் த்ரோபால் கண்முன் வரும்.

சொல்லைத் தேடும் முன் அந்த இடத்தின் வேலையைப் பார்க்க வேண்டும். தடுக்கும் அணியில் கோலைக் காப்பவர் நீங்கலான ஆறு பேரும் கோலுக்கு முன்னுள்ள 6 மீட்டர் வளைகோட்டை ஒட்டி வரிசையாக நின்றால் அது 6-0 அமைப்பு. ஐவர் கோட்டருகே நிற்க, ஒருவர் மட்டும் முன்னேறி 9 மீட்டர் புள்ளிக்கோட்டை ஒட்டி உலவினால் அது 5-1. 3-2-1 அமைப்பிலும் முனையில் நிற்பவர் ஒருவரே. அவர் பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவதைவிட, எதிரணியின் ஆட்டத்தை நடத்துபவருக்குப் பந்து போய்ச் சேரும் வழியை அடைக்கிறார். கைகளை விரித்து இப்படியும் அப்படியும் ஓடி, எறியப்படும் பந்தை இடையில் பறிக்கிறார். இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரேயூனியனிலிருந்து வந்த, சடைமுடிக்காரரான ரிச்சர்ட்சன் இந்த வேலையின் இலக்கணத்தையே மாற்றியவர். 1992இல் பார்சிலோனாவில் தான் பங்கேற்ற முதல் ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வென்ற பிரான்ஸ், தானியேல் கோஸ்தாந்தினியின் பயிற்சியில் 1995இல் ஐஸ்லாந்தில் குரோவேசியாவை 23–19 என்று வென்று முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றது. அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீரராகத் தேர்வானவர் ரிச்சர்ட்சனே.

இனி, வந்த சொற்கள். ‘முன்னணித் தடுப்பாளர்’ என்றால் தலைசிறந்த தடுப்பாளர் என்றே எவரும் படிப்பார்கள். ரிச்சர்ட்சன் அப்படியும் இருந்தார் என்பதால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. ‘முன்கள வீரர்’ கால்பந்திலும் ஹாக்கியிலும் கோல் அடிப்பவருக்கு வழங்கும் சொல். இங்கே பொருள் தலைகீழாகிவிடும். ‘முன்காவலர்’ கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் கோலைக் காப்பவரையும் காவலர் என்று எழுதும் வழக்கம் இருப்பதால், பிரான்சின் கோலைக் காத்த தியரி ஒமேயர் ஒரு பந்தைத் தடுத்ததை விவரிக்கும் பத்தியில் இரண்டு காவலர்கள் மோதிக்கொள்வார்கள்.

ஆகவே நான் முன்வைப்பது ‘முன்மறிப்பாளர்’. வழிமறித்தல், ஆட்டை மறித்தல் என்று ‘மறி’ இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஆளைப் பிடிப்பதற்கும் வழியை அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது தாங்குகிறது. ‘தடு’ என்பதைப் பொதுச்சொல்லாக விட்டுவிடலாம்.

இதற்கு எதிர்நிலை கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது. குளோத் ஒனெஸ்தா பயிற்சியாளராக இருந்த காலத்தில் தடுப்பின் நடுவில் நின்றவர் திதியே தினார். பந்து தம் அணியின் கைக்கு வந்ததும் அவர் வெளியேறுவார், தாக்குதலுக்கு வேறொருவர் உள்ளே வருவார். அந்த அளவுக்குத் தடுப்பே அவர் தொழில். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் ஐஸ்லாந்தை 28–23 என்றும், 2009 உலகக் கோப்பை இறுதியில் குரோவேசியாவை அதன் மண்ணிலேயே 24–19 என்றும் வென்று, 2010 ஐரோப்பியப் பட்டத்தையும் சேர்த்து மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த அணியின் அடித்தளம் அந்தச் சுவரும் அதன் பின்னால் நின்ற ஒமேயரும்தான் என்பது என் கருத்து. அதே அணியின் தாக்குதல் நட்சத்திரம் நிக்கோலா கரபாட்டிச்சின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். தினாரின் இடத்தை ‘நடுத்தடுப்பாளர்’ என்றால், இருவரின் வேறுபாடும் தனி விளக்கமின்றியே வாசகருக்குப் புரியும்.

‘பார்ஜோ’, ‘கோஸ்தோ’, ‘எக்ஸ்பேர்’ என்று முறையே 1995, 2001 அணிகளுக்கும் 2008க்குப் பிந்தைய அணிக்கும் வழங்கிய செல்லப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். அவை பட்டப்பெயர்கள், கலைச்சொற்கள் அல்ல.

‘ஆளர்’ விகுதி நீளம் என்று தோன்றுவோர் வினையாக எழுதிப் பார்க்கலாம்: “ரிச்சர்ட்சன் முன்மறித்து ஆட, மற்ற ஐவரும் கோட்டைக் காத்தனர்.” இதற்கு மறுப்பு இருந்தால், அதே வாக்கியத்தில் மாற்றுச்சொல்லைப் பொருத்தி அனுப்புங்கள்.