பாப்பாவுக்குப் பேர்

ஷீபா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞானஸ்நானத்துக்குப் பேர் சனிக்கிழமைக்குள் ஐயரிடம் கொடுக்க வேண்டும். 'ரீம்' என்று வைக்கலாமா என்று இருக்கிறோம்.

ஜெபா அத்தை: ரீமாவா?

ஷீபா: ரீம், அத்தை. அரபியில் மான். இங்கே அபுதாபியில் ரீம் தீவு என்றே ஒன்று இருக்கிறது.

சாம் மாமா: ஒரு ரீம் பேப்பர் என்ன விலை 😄

ஜெபா அத்தை: எங்கள் அம்மா பேர் யாருக்கும் ஆகாது. சரி.

பெரியப்பா: ஜெபா, பொறு. அம்மா பேரும் அதே மான்தான். அப்போஸ்தலர் 9:36 எடுத்துப் பார். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள். அரமேயத்தில் தபீத்தா, கிரேக்கத்தில் தொற்காள், அதுதான் நம் டார்கஸ். புள்ளிமான் மாதிரி கொம்பு உதிர்த்து முளைக்கிற ஜாதி இல்லை, பாலைவனத்து ஒல்லி மான், ஆயுசுக்கும் ஒரே கொம்பு. இங்கிலீஷ்காரன் கசெல் என்பதும் அரபியின் 'கஸால்' பிரெஞ்சு வழியாகப் போனதுதான். அபுதாபியில் வருகிற 'தாபி' தபீத்தாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. மானின் தகப்பன் என்று ஊர்ப் பேர்.

சாம் மாமா: அப்போ மாப்பிள்ளைதான் இனி அபுதாபி

ஸ்டீபன்: 😂😂

சாம் மாமா: கிண்டியில் ஓடுமே அதுவா?

பெரியப்பா: அது வெளிமான். நம் நாட்டுக் கசெல் சிங்காரா. ராஜஸ்தான் பக்கம் போனால் பார்க்கலாம்.

கிங்ஸ்லி: அப்பா, கஸல் பாட்டும் இதிலிருந்துதானா?

பெரியப்பா: வேர் எழுத்து மூன்றும் அதேதான். ஆனால் அந்தக் கஸலுக்குக் காதல் பேச்சு என்று பொருள், மானுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று பண்டிதர்களுக்குள் இன்னும் தீரவில்லை. அதே மூன்றெழுத்தில் நூல் நூற்பதும் வரும். தொற்காளும் தையல்காரிதானே, அவள் செத்தபோது விதவைகள் அவள் தைத்த துணிகளைக் காட்டித்தானே அழுதார்கள். அம்மாவும் சாகிறவரை மிஷினை விடவில்லை.

ஜெபா அத்தை: அம்மா மிஷின் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

(கிங்ஸ்லி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

சாம் மாமா: சாப்பாடு மட்டனா சிக்கனா, அதைச் சொல்லுங்கள் முதலில்

ஸ்டீபன்: 150 பேர் வருவார்கள் மாமா. சிக்கன்.

ஜெபா அத்தை: ஆச்சி பேத்தி ஞானஸ்நானத்துக்குச் சிக்கனா

ஷீபா: டார்கஸ் ரீம் என்று வைத்தால்?

சாம் மாமா: மான் மான் 😄

பெரியப்பா: தபித்தா நல்ல பேர். நான் ஐயரிடம் பேசுகிறேன்.

ஷீபா: பேசவேண்டாம் பெரியப்பா, ப்ளீஸ்

பெரியப்பா: போன் போட்டுவிட்டேன். எடுக்கவில்லை.

ஜெபா அத்தை: மிஷின் கேட்டேனே