முதியோர் இல்லத்தில் வாய் வறட்சி: காது அக்குபங்சர் பயன் தருமா?

கேள்வி (செவிலியர்):
நான் பணிபுரியும் முதியோர் இல்லத்தில் பலர் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதாகவும், இரவில் தொண்டை காய்ந்து விழித்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். காதில் சிறு ஊசிகளைக் குத்தி உமிழ்நீரைத் தூண்டும் சிகிச்சையை வாரந்தோறும் அளிக்க அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவர் முன்வந்துள்ளார். இங்கே இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், மறதி நோய் முற்றியவர்களும் இருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு நான் என்ன பரிந்துரைப்பது?

பதில் (பல் மருத்துவர்):
ஊசியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். முதியவர்களின் வாய் வறட்சிக்கு முதுமையைவிட மாத்திரைகளே பெரும்பாலும் காரணம். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தூக்கம் வரவழைக்கும் பழைய ஒவ்வாமை மருந்துகள் ஆகியவை உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்புக் கட்டளையையே தடுத்துவிடுகின்றன. அந்தத் தடை நீங்காத வரை காதில் எத்தனை ஊசி குத்தினாலும் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. மாத்திரையை மாற்றுவதோ அளவைக் குறைப்பதோ மருத்துவரின் பொறுப்பு. அதை அவரிடம் கேட்பது உங்கள் பொறுப்பு.

வறட்சி என்ற உணர்வும், சுரப்பு உண்மையாகவே குறைந்திருப்பதும் வேறுவேறு. வாயில் தானாக ஊறும் உமிழ்நீரைச் சில நிமிடங்கள் ஒரு குவளையில் சேகரித்து அளந்து, நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் கீழே இருந்தால் சுரப்பு குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பதில் (அக்குபங்சர் சிகிச்சையாளர்):
மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். காது அக்குபங்சரின் இன்றைய வரைபடம் 1950-களில் பிரெஞ்சு மருத்துவர் போல் நோஜியே வகுத்ததிலிருந்து வளர்ந்தது. செவிமடலின் குழிவான பகுதிக்கு மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் கிளை வருவதால், அங்கே தரும் தூண்டல் சுரப்பிகளை எட்டக்கூடும் என்பது எங்கள் துறையில் முன்வைக்கப்படும் விளக்கம். அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. உடலில் எங்கே குத்தினாலும் சரி, அக்குபங்சர் முழுவதைப் பற்றியும் 2013-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, உமிழ்நீர் சிறிதளவு கூடியதையும், வறட்சி உணர்வில் போலிச் சிகிச்சையைவிட (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஊசி குத்துவதுபோல் பாவனை செய்வது) மேலான பலன் தெரியாததையும், சான்றுகளின் தரம் தாழ்ந்திருப்பதையும் சேர்த்தே சொன்னது. ஆகவே, துணைச் சிகிச்சை என்பதற்கு மேல் எவர் வாக்குறுதி கொடுத்தாலும் நம்ப வேண்டாம்.

பதில் (முதியோர் நல மருத்துவர்):
காதின் குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. அங்கே கிருமி புகுந்தால் செவிமடல் வீங்கி உருக்குலையவும் கூடும். ஆகவே நாள்கணக்கில் காதிலேயே விட்டுவைக்கும் ஊசிகளை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதய வால்வு மாற்றியவர்களுக்கும், நான் அனுமதிக்க மாட்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியைச் சிறிது நேரம் வைத்து எடுப்பது வேறு.

கேட்டவர்:
ஊசிக்குப் பதிலாகச் சிறு விதைகளைப் பிளாஸ்திரியால் காதில் ஒட்டி அழுத்தும் முறையை மறதி நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாமா?

பதில் (முதியோர் நல மருத்துவர்):
அவர்கள் அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளக்கூடும், புரையேறும். அவர்களுக்கு ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பது, செயற்கை உமிழ்நீர் ஜெல் தடவுவது, இரவில் பல்செட்டைக் கழற்றிவைப்பது ஆகியவை போதும். எலுமிச்சை கலந்த கிளிசரின் பஞ்சுக்குச்சியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் அமிலம் பல்லை அரிக்கும், கிளிசரின் வாயை மேலும் உலர்த்தும்.