மண் தரைக்கு எந்தப் பந்து? பெட்டியில் உள்ள ‘குழந்தைத் தொழிலாளர் இல்லை’ வாசகத்தை நம்பலாமா?

செம்மண்_கோல்:
வணக்கம். கிளப்புக்கு 5-ம் எண் பந்து 12 வாங்க வேண்டும். மைதானத்தில் புல் கிடையாது, ஓரமெல்லாம் சரளை. 32 பேனல் (மேலுறைத் துண்டு) கைத்தையல், மெஷின் தையல், தைக்காமல் பசையால் ஒட்டிய ஒட்டுப்பந்து என மூன்று விதமாக விலை சொல்கிறார்கள். உலகக் கோப்பை டிசைனிலும் மலிவாக வருகிறது. எது தாங்கும்? இரண்டாவது கேள்வி: ஃபிஃபா முத்திரை இருந்தால், சிறுவர்களை வைத்துத் தைக்கவில்லை என்று அர்த்தமா?

ஊசிமுனை:
சரளைக்குக் கைத்தையல் 32 பேனல்தான் சார். காரணம் சொல்கிறேன்.

மொத்தம் 12 ஐங்கோணம், 20 அறுகோணம், 90 தையல் ஓரங்கள், மூன்று பேனல் கூடும் மூலைகள் 60. மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போகும். அதனால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுக்கப் பிரிந்து வராது. மெஷின் தையலில் ஊசி இறங்க வேண்டும் என்பதற்காகப் பேனலுக்குப் பின்னால் துணி அடுக்கைக் குறைத்துவிடுவார்கள். அங்கேதான் பந்து சீக்கிரம் முட்டை வடிவம் ஆகிறது.

ஒட்டுப்பந்து தண்ணீர் குடிக்காது, உருண்டையும் சுத்தமாக இருக்கும். ஆனால் சரளையில் ஓரம் ஒருமுறை கிளம்பினால் தொழிற்சாலைச் சூட்டையும் அழுத்தத்தையும் வீட்டுப் பசையால் கொண்டுவர முடியாது. கைத்தையல் பந்தில் ப்ளாடர் (உள்ளே காற்று நிற்கும் ரப்பர் பை) நன்றாக இருந்தால் வளைந்த ஊசியால் திரும்பத் தைக்கலாம்.

மேலுறை பியூ (பாலியூரித்தேன்) அல்லது அதன் இன்னொரு வகையான டிபியூ கேளுங்கள். பிவிசி மலிவு, வெயிலில் விறைத்து வெடிக்கும். ப்ளாடர் பியூட்டைல் என்றால் காற்று நெடுநாள் நிற்கும். லேட்டக்ஸ் மெத்தென்று துள்ளும், ஆனால் சில நாளுக்கொருமுறை பம்ப் பிடிக்க வேண்டும்.

வாங்கும்போது எல்லாவற்றையும் வால்வு அருகே அச்சிட்ட காற்றழுத்த அளவுக்கு ஊதி மூன்று நாள் வையுங்கள். பிறகு தையல்கடை டேப்பால் மூன்று திசையில் சுற்றளவு: 68 முதல் 70 செ.மீ. திசைக்குத் திசை ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். எடை 410 முதல் 450 கிராம். வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுழற்றினால் கனமான பக்கம் கீழே போய் நிற்கும். வால்வுப் பக்கம் கொஞ்சம் தாழ்வது சகஜம், டக்கென்று புரண்டு விழுந்தால் அந்தப் பந்து வேண்டாம். கடைசியாக மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். பந்தை உள்வெளியாகத் தைத்துத் திருப்பிய பிறகு கடைசி ஓரத்தைக் கண்ணால் பார்க்காமல்தான் மூடுவார்கள். பிரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பம்ப் பின்னை எச்சில் தொட்டுக் குத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், துரு ஏறும். கிளிசரின் அல்லது சிலிக்கான் ஆயில் ஒரு சொட்டு போதும். வண்டி ஆயில், கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

ஜலந்தர்_வழி:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஃபிஃபா முத்திரை முதலில் ஆய்வகச் சான்று. அதில் உயர்ந்த தரமான குவாலிட்டி புரோ என்றால் 2 மீட்டரிலிருந்து இரும்புத் தட்டில் விழுந்து 135 முதல் 155 செ.மீ. எழும்ப வேண்டும், இரும்புத் தட்டின் மேல் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 2,000 முறை அடித்த பிறகும் வடிவம் மாறக்கூடாது. உரிமம் வாங்கும் நிறுவனங்கள் குழந்தைத் தொழிலாளர் கூடாது என்ற உறுதிமொழியிலும் கையெழுத்திடுகின்றன. ஆனால் கையெழுத்து வேறு, தைக்கும் இடத்தில் போய்ப் பார்ப்பது வேறு.

பெட்டியில் வரும் ‘குழந்தைத் தொழிலாளர் இல்லை’ வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1996-ல் பாகிஸ்தானின் சியால்கோட்டில் சிறுவர்கள் பந்து தைக்கும் படங்கள் வெளிவந்து பெரிய சத்தமானது. 1997 பிப்ரவரியில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப், சியால்கோட் வர்த்தக சபை மூன்றும் அட்லாண்டாவில் ஒப்பந்தம் போட்டன. தையல் வீடுகளிலிருந்து பதிவுசெய்த தையல் மையங்களுக்கு மாறியது, ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வரத் தொடங்கினார்கள். பலன் நிஜம். இன்னொரு பக்கம், வீட்டு வேலையோடு தைத்துவந்த பெண்களால் மையத்துக்குப் போக முடியவில்லை; பிறகுதான் பெண்களுக்கெனத் தனி மையங்கள் வந்தன. 2006-ல் நைக்கி, அனுமதியின்றி வீடுகளுக்கு வேலை கொடுத்ததாகச் சொல்லி, சியால்கோட்டில் தனக்குப் பந்து தயாரித்த சாகா ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை முறித்தது. வேலை போனதோ தொழிலாளர்களுக்கு.

நம் கடைகளில் கிடைக்கும் நிவியா, வெக்டர் எக்ஸ் எல்லாம் பஞ்சாபில் உள்ள ஜலந்தர் நகர நிறுவனங்கள். பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் வளர்த்த ஊர் அது. பெட்டியில் உள்ள வாசகம் வயதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. தையல் கூலி பந்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒரு பந்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் பிடிக்கும், அப்படியானால் ஒருவர் நாளுக்கு எத்தனை தைக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கூலியையும் பார்க்க வேண்டுமென்றால் ஃபேர்ட்ரேட் (நியாய வணிகம்) முத்திரை. அதில் விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை தொழிலாளர் நலனுக்குப் போகிறது.

நக்கிள்பால்:
டிசைன் விஷயம். கடையில் உள்ள மலிவான ‘உலகக் கோப்பைப் பந்து’ பெரும்பாலும் படம் மட்டும்தான். அடிடாஸிலேயே ‘புரோ’ ஆட்டப் பந்து, ‘லீக்’ ஒட்டியது, ‘க்ளப்’ மெஷின் தையல். மூன்றிலும் ஒரே ஓவியம்!

பேனல் குறைந்தால் பந்து உயர்ந்தது என்பதும் சரியல்ல. 2010 உலகக் கோப்பைப் பந்தான ஜபுலானிக்கு 8 பேனல், ஓரங்கள் ஆழமில்லை. அதனால் மணிக்கு 70, 80 கி.மீ. வேகத்தில், அதாவது ஃப்ரீ கிக் அடிக்கிற வேகத்திலேயே, காற்றில் தள்ளாடியது. 2014 உலகக் கோப்பையின் பிரசூக்காவில் பேனல் 6-ஆகக் குறைந்தது, ஆனால் ஓரங்கள் நீளமாகவும் ஆழமாகவும் இருந்ததால் தள்ளாட்டம் 50 கி.மீ. பக்கம் இறங்கிவிட்டது. ஃப்ரீ கிக் பொதுவாக அதைவிட வேகமாகத்தான் போகும். தைத்த 32 பேனலில் ஓரம் தாராளம், உங்கள் பையன்களுக்கு அது போதும்.

செம்மண்_கோல்:
நன்றி. அப்படியானால் 12-ம் கைத்தையலா?

ஊசிமுனை:
9 கைத்தையல் பயிற்சிக்கு, 3 நல்ல பியூ பந்து ஆட்டத்துக்கு மட்டும். 12 வயதுக்குக் கீழ் இருந்தால் அவர்களுக்கு 4-ம் எண். மொத்தமாக வாங்குவதால் கடைக்காரரிடம் தயாரிப்பாளர் பெயரையும், தைப்பது மையத்திலா வீட்டிலா என்பதையும், கடைசியாக வெளி ஆய்வு நடந்த ஆண்டையும் எழுத்தில் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது, ஆனால் கேள்வி ஜலந்தர் வரை போகும். ஆட்டம் முடிந்ததும் பந்தை டிக்கியில் போட்டு வெயிலில் விடாதீர்கள், பசை இளகும்.

ஜலந்தர்_வழி:
பதிலில் ‘மையம்’ என்று வந்தால் எந்த ஊர் மையம் என்றும் கேளுங்கள். ஊர் பெயர் சொல்ல முடியாதவர்கள் வேறு யாரிடமோ வாங்கிப் பெட்டி மட்டும் போடுகிறவர்களாக இருக்கலாம்.