ஒன்றரை லிட்டர் பால் குடிச்ச என் பையன் (உங்க வீட்டுக் கதையும் சொல்லுங்க)

அணைக்கட்டு கவி

என் பையனுக்கு இப்போ மூணு வயசு, இது நடந்தது அவனுக்கு ஒண்ணேமுக்கால் வயசு இருக்கும்போது. சோத்தைக் கண்டா வாயைப் பொத்திக்குவான், பால் பாட்டிலைக் காட்டினா ஓடியாந்து மடியில மல்லாக்கப் படுத்துக்குவான். வீட்டுல ரெண்டு கறவை இருக்குது, பாலுக்கு என்ன பஞ்சம். காலைல எழுந்ததும் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒண்ணு, மதியம் சோத்தைத் துப்பிட்டான்னு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி தூக்கத்துலயே ரெண்டு. காய்ச்சின பால் ஆடை கட்டி நிப்பிள்ல இறங்கலன்னு எங்க அத்தை ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டையைப் பெருசு பண்ணி வெச்சிருந்தாங்க, அந்த பாட்டில் இன்னும் பரண்ல கிடக்குது.

கன்னமெல்லாம் புசுபுசுன்னு இருப்பான். பாக்குறவங்க எல்லாம் "பால் குடிக்கிற புள்ள, எப்படி கலரா வந்துட்டான் பாரு"ன்னு சொல்வாங்க, எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு. கலர் இல்லைங்க அது, ரத்தம் இல்லாம வெளுத்துப் போயிருந்தான்! சுவத்துல சுண்ணாம்பை நகத்தால சுரண்டித் தின்னுட்டு இருந்தான், அதுக்கும் அடிச்சேனே தவிர ஏன்னு யோசிக்கல.

ஜுரம்னு வேலூருக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் அவன் கீழ் இமையை இழுத்துப் பாத்தாரு, அப்புறம் என் இமையை நானே இழுத்து கண்ணாடியில பாக்கச் சொன்னாரு. என்னுது சிவப்பு, அவனுது காகிதம். ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 6.8, 11-க்கு மேல இருக்கணுமாம். என்னா சாப்புடுறான்னு கேட்டாரு, "ஒன்றரை லிட்டர் பால் குடிப்பான் சார்"னு நான் ஏதோ மெடல் வாங்குன மாதிரி சொன்னேன். அவரு பேனாவைக் கீழ வெச்சிட்டாரு.

ஒரு லிட்டர் பால்ல இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம் கூட தேறாது, இந்த வயசுல ஒரு நாளைக்கு ஏழெட்டு மில்லிகிராம் வேணும்னாரு. அதுல பால் வயித்தை ரொப்பிடுது, வேற எதுக்கும் இடம் இல்ல. கொஞ்சநஞ்சம் சாப்புடுற கீரை, பருப்புல இருக்குற இரும்பையும் பால்ல இருக்குற கால்சியம் உடம்புல ஒட்ட விடாதாம். சில புள்ளைங்களுக்கு குடல்ல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கூட கசியுமாம். ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல வேணாம், அதுவும் டம்ளர்ல, பாட்டில் கூடாதுன்னு சொல்லிட்டாரு.

மூணு ராத்திரி தெருவே முழிச்சிருந்துச்சு. அத்தை என்கிட்ட பேசவே இல்ல, "எங்க மாட்டுப் பாலு விஷமாயிடுச்சா"ன்னு வாசல்ல உக்காந்து அழுதாங்க. பாவம், அவங்க மேல தப்பு சொல்ல முடியல. நாலாவது நாள் பசியில அவனே என் தட்டுல கை வெச்சான்.

குடியாத்தம் பவி

எனக்கு நேர் எதிர் கதை கவி. என் பாப்பா ரெண்டு வயசுல பாலை மோந்து பாத்தாலே ஓங்கரிப்பா. பவுடர் எல்லாம் கலக்கிப் பாத்து காசுதான் போச்சு. டாக்டர் தயிர் சாப்புடுவாளான்னு கேட்டாரு, சோத்துல பெசைஞ்சா சாப்புடுவா சார்னேன், அப்போ அதுவும் பால்தானே விடுங்கன்னுட்டாரு. கேவுரு கூழும் ஊத்துறேன். நூறு கிராம் கேவுருல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், நூறு மில்லி பால்ல 120-தான். ஆனா எந்தப் புள்ள ஒரு நாள்ல நூறு கிராம் கேவுரு தின்னுது சொல்லுங்க, அதனால தயிரை விடல.

ஆரணி ஆயா

நான் பேரன் எடுத்தவ. எங்க காலத்துல நாலு மாசத்துலயே பசும்பாலுல பாதி தண்ணி ஊத்திக் குடுத்தோம், இப்போ என் மருமக ஒரு வயசு வரைக்கும் மாட்டுப் பாலே குடுக்கல, தாய்ப்பாலும் கஞ்சியும்தான். மொதல்ல எனக்குக் கோவம்தான். இப்போ பேரனுக்கு ஒரு வயசு ஆச்சு, எந்த கலர் பாக்கெட் வாங்குறதுன்னு வீட்டுல ஒரே சண்டை, யாராச்சும் சொல்லுங்கம்மா.

ராணிப்பேட்டை செல்வி

ஆயா, நான் அங்கன்வாடில வேலை பாக்குறேன். ஆவின்ல நீலம் 3 சதவீதம் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. ரெண்டு வயசு வரைக்கும் கொழுப்பு எடுத்த பாலு வேணாம்னு சொல்வாங்க, நீலத்தை நீங்க காபிக்கு வெச்சிக்கிட்டு புள்ளைக்குப் பச்சையோ ஆரஞ்சோ வாங்குங்க. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை ஒரு மில்லி இரும்புச் சத்து சிரப் குடுக்கணும்னு பாட்டில் தர்றோம். புள்ள கருப்பா வெளிக்கிப் போவுதுன்னு பயந்து பாதிப் பேரு அலமாரில வெச்சிடுறாங்க. நான் வீட்டுக்குப் போனா மூடி கூட திறக்காம இருக்கும், எக்ஸ்பைரி ஆன பாட்டிலை எனக்கே டீயோட எடுத்துக் குடுப்பாங்க. இரும்புச் சத்து சிரப் குடிச்சா வெளிக்கி கருப்பாத்தான் போவும்மா, பயப்படாதீங்க.

ஆம்பூர் அப்பா

ராத்திரி பாட்டில் பத்தி யாரும் சொல்லல. வாயில வெச்சபடியே தூங்குவா என் பொண்ணு, ரெண்டரை வயசுல மேல் முன்பல்லு நாலும் சொத்தை. சக்கரை வேற போட்டோம். அது எங்க முட்டாள்தனம்.

அணைக்கட்டு கவி

டாக்டர் இவனுக்கு எழுதிக் குடுத்த இரும்புச் சத்து டானிக் பேரு கேட்டு நிறைய பேரு இன்பாக்ஸ் வந்திருக்கீங்க, சொல்ல மாட்டேன் கோச்சுக்காதீங்க. அளவு எடைக்கு எடை மாறும், நீங்களா வாங்கி ஊத்துற சமாச்சாரம் இல்ல. பாலோட கலந்து மட்டும் குடுக்காதீங்க, நான் மொத வாரம் அப்படித்தான் குடுத்து வீணாக்கினேன். எலுமிச்சை ஜூஸோட குடுக்கச் சொன்னாங்க. பல்லுல கறை படியும், பின்னாடி தள்ளி ஊத்தி தண்ணி குடுங்க. ஹீமோகுளோபின் ஏறினப்புறமும் ரெண்டு மூணு மாசம் நிறுத்தக் கூடாதாம், உடம்புல இரும்புச் சேமிப்பு ரொம்பணுமாம்.

இவனுக்கு இப்போ 11.6. காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், அத்தைதான் அளந்து ஊத்துறாங்க. மூணாவது கேட்டா "டாக்டரு திட்டுவாருடா"ன்னு என்னை மாதிரியே சொல்றாங்க, மீதிப் பாலெல்லாம் சொசைட்டிக்குப் போவுது.